வாசகர் கேள்வி – பதில்: ஆய்வாளரின் கட்டுரைக் கணக்கை எப்படிப் படிப்பது?

பிஎச்.டி. சேர்க்கைக் காலம் என்பதாலோ என்னவோ, மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைச் சுற்றி இருந்தன. மருத்துவ, உயிரியல் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைகளையும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களையும் வைத்து அவரை எப்படி எடைபோடுவது என்பதே அந்தப் பொருள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களில் பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

என் மகள் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு பிஎச்.டி.யில் சேரக் காத்திருக்கிறாள். இரண்டு பேராசிரியர்கள் அவளைச் சேர்த்துக்கொள்ள முன்வந்திருக்கிறார்கள். கூகுள் ஸ்காலரில் பார்த்தால் ஒருவருக்கு 210 கட்டுரைகள், எச்-இன்டெக்ஸ் 38. மற்றவருக்கு 46 கட்டுரைகள், எச்-இன்டெக்ஸ் 17. நான் பலசரக்குக் கடை நடத்துபவன். எனக்குப் பெரிய எண்ணே நல்லதாகப் படுகிறது. சரிதானா, ஐயா?
— ஒரு தந்தை, திருமங்கலம்

பெரிய எண் நல்லதுதான். எதற்கு நல்லது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கடையின் ஆண்டு விற்றுமுதலை மட்டும் சொன்னால், அங்கே எடை சரியாக இருக்குமா, வேலைக்குச் சேரும் பையனுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பார்களா என்று நீங்கள் சொல்லிவிட மாட்டீர்கள். எச்-இன்டெக்ஸும் அப்படிப்பட்ட ஒரு தொகைதான்.

ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, தாம் பயன்படுத்திய முந்தைய கட்டுரைகளை இறுதியில் பட்டியலிடுவார். அந்தப் பட்டியலில் ஒரு கட்டுரை இடம்பெற்றால் அதற்கு ஒரு சைட்டேஷன், அதாவது ஒரு மேற்கோள். எச்-இன்டெக்ஸ் என்னும் கணக்கை 2005-இல் முன்வைத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இருந்த இயற்பியலாளர். ஒருவருக்கு ஏழு கட்டுரைகள் இருப்பதாகவும், அவற்றுக்கு முறையே 48, 21, 9, 6, 5, 3, 0 என மேற்கோள்கள் கிடைத்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து மேற்கோள் இருக்கிறது. ஆறாவதற்கு ஆறு இல்லை. ஆகவே அவருடைய எச்-இன்டெக்ஸ் 5, அதாவது குறைந்தது ஐந்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் ஐந்து. அந்த 48 நாளை 4,800 ஆனாலும் அது 5 ஆகவே இருக்கும். ஒருவர் ஓய்வு பெற்று ஆய்வையே விட்டுவிட்டாலும் இந்த எண் இறங்காது, ஏறத்தான் செய்யும். முப்பதாண்டுப் பேராசிரியரையும் பத்தாண்டுப் பேராசிரியரையும் இந்த ஒரு கோலால் அளந்தால் மூத்தவருக்கே சாதகமாக முடிவது இதனால்தான். துறைக்குத் துறையும் இது மாறும். புற்றுநோய் உயிரியலில் கட்டுரைகளும் அதிகம், ஒவ்வொன்றிலும் உள்ள மேற்கோள் பட்டியலும் நீளம். கொசு வகைப்பாட்டியலில் உலகம் முழுவதும் வேலை செய்பவர்களே சில நூறு பேராக இருக்கலாம். இந்த இரு துறைக்காரர்களை எச்-இன்டெக்ஸால் ஒப்பிடுவது நியாயமாகாது.

உங்கள் மகளுக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி இனிதான் வருகிறது. கட்டுரையில் முதல் பெயராக இருப்பவரையும் நாற்பதாவது பெயராக இருப்பவரையும் எச்-இன்டெக்ஸ் வேறுபடுத்துவதில்லை. நாடுகள் பலவற்றின் நோய்ச்சுமையைக் கணக்கிடும் கூட்டாய்வுகளில் நூற்றுக்கணக்கானோர் பெயர் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு கட்டுரைக்கு ஆயிரக்கணக்கில் மேற்கோள் சேரும். அந்த ஆயிரங்கள் அத்தனை பேர் கணக்கிலும் முழுதாக ஏறும். கணித ஆய்வுகளில் பெயர்களை அகரவரிசையில் இடுவது வழக்கம். மருத்துவ, உயிரியல் ஆய்வுகளில் அப்படியில்லை. பெயர் இருக்கும் இடத்துக்கே பொருள் உண்டு. ஆய்வகத்தில் நின்று சோதனை செய்து, முதல் வரைவை எழுதியவர் முதலில் வருவார். ஆய்வகத்தின் தலைவர், அதாவது நெறியாளர், கடைசியில் வருவார். இடையில் உள்ளவர்கள் உதவியவர்கள். ஆய்வுக்குப் பொறுப்பேற்று இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பவர், அதாவது கரஸ்பாண்டிங் ஆத்தர், பெரும்பாலும் அந்தக் கடைசிப் பெயர்க்காரராகவே இருப்பார்.

எனவே இரு பேராசிரியர்களின் கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் ஸ்காலரில் ஆண்டு என்னும் தலைப்பைச் சொடுக்கினால் புதியவை மேலே வந்துவிடும். ஒவ்வொன்றிலும் முதல் பெயர் யாருடையது, கடைசிப் பெயர் யாருடையது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பேராசிரியர் கடைசியிலும், அவருடைய மாணவர்கள், அதுவும் வெவ்வேறு மாணவர்கள், முதலிலும் இருந்தால் அந்த ஆய்வகத்தில் உழைத்தவருக்கு உரிய இடம் கிடைக்கிறது என்று பொருள். மாணவர் செய்த வேலையில் பேராசிரியரே முதல் பெயராகவும் நிற்கிறார் என்றால் யோசிக்க வேண்டும். முப்பது பெயர்களுக்கு நடுவே அவர் பெயர் அடிக்கடி வந்தால், அந்தக் கட்டுரைகள் உங்கள் மகளின் பயிற்சிக்கு எந்த வகையிலும் உதவப்போவதில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் 'சோத்கங்கா' என்னும் இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. நெறியாளரின் பெயரை இட்டுத் தேடினால் அவரிடம் பட்டம் பெற்றவர்கள் யார், எந்த ஆண்டு சேர்ந்து எந்த ஆண்டு முடித்தார்கள் என்பது தெரியவரும். அந்தப் பெயர்களைக் கட்டுரைப் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளில் நீக்கிவிட்டது. ஆனாலும் பட்டத்துக்குப் பின் வெளிநாட்டிலோ பெங்களூரிலோ ஆய்வுப் பணி தேடும்போது, முதல் பெயராக ஒரு நல்ல கட்டுரையாவது இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

210 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு சொல். கூகுள் ஸ்காலர் பக்கத்தை ஆய்வாளரே தொடங்கிப் பராமரிக்கிறார். மாநாட்டுச் சுருக்கங்கள், நூல் இயல்கள், சில வேளை அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரைகள் கூட அதில் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். நீக்காமல் விட்டால் கணக்கில் சேர்ந்துவிடும். பத்துக் கட்டுரைகளைத் திறந்து பார்த்தாலே பக்கம் ஒழுங்காகப் பேணப்படுகிறதா என்று விளங்கிவிடும்.

என்னைக் கேட்டால், 46 கட்டுரைகளில் பெரும்பாலானவற்றில் மாணவர்களே முதல் பெயராக இருந்து, முன்பின் அறியாத ஊர்களில் இருப்பவர்கள் அவற்றை மேற்கோள் காட்டியிருந்தால், இரண்டாமவரிடமே அனுப்பச் சொல்வேன். முடிவெடுக்கும் முன் உங்கள் மகள் இரண்டு துறைகளுக்கும் எதிரே உள்ள டீக்கடைகளில் அங்குள்ள ஆய்வு மாணவர்களோடு அரை மணி நேரம் பேசிவிட்டு வருவது நல்லது. எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாத செய்தி அங்கேதான் கிடைக்கும்.

என் கட்டுரைகள் ஐந்து வெளிவந்திருக்கின்றன. ஆனால் தரவுத்தளத்தில் தேடினால் நான் மூன்று பேராகப் பிரிந்து கிடக்கிறேன். ஒன்றில் தந்தை பெயர் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் வெறும் இனிஷியல். இதைச் சரிசெய்ய முடியுமா?
— ஆய்வு மாணவி, பழங்காநத்தம்

முடியும், இப்போதே செய்தாக வேண்டும். உங்கள் சிக்கல் ஏறத்தாழ எல்லாத் தமிழ் ஆய்வாளர்களுக்கும் உள்ளது. இந்தத் தரவுத்தளங்களை அமைத்தவர்கள் எல்லாருக்கும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு, அது கடைசியில் வரும் என்ற எண்ணத்தில் அமைத்தார்கள். நமக்கோ தந்தையின் பெயரே தலையெழுத்து. தந்தை முத்தையா, மகள் செல்வி என்று வைத்துக்கொள்வோம். 'எம். செல்வி' என்று கொடுத்தால் மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட் 'செல்வி எம்' என்று பதியும். கடவுச்சீட்டில் உள்ளபடி 'செல்வி முத்தையா' என்று கொடுத்தால் 'முத்தையா எஸ்' என்று பதியும். மகள் எழுதிய கட்டுரை அப்பா பெயரில் போய்ச் சேரும். திருமணத்துக்குப் பின் தலையெழுத்தை மாற்றினால் மூன்றாவது ஆள் பிறந்துவிடுவார். இதற்கு நேரெதிரான தொல்லையும் உண்டு: 'குமார் எஸ்' என்று தேடிப் பாருங்கள், எத்தனையோ பேரின் உழைப்பு ஒரே பெயரின் கீழ் குவிந்து கிடக்கும். பிரிந்து கிடப்பவரின் எச்-இன்டெக்ஸ் உள்ளதைவிடக் குறைவாகவும், குவிந்து கிடப்பவரின் எச்-இன்டெக்ஸ் உள்ளதைவிட மிகையாகவும் காட்டும்.

2012-இல் தொடங்கப்பட்ட 'ஆர்கிட்' என்னும் அடையாள எண் இதற்கான தீர்வு. பதினாறு இலக்கம் கொண்ட அந்த எண்ணை எவரும் இலவசமாகப் பெறலாம். பெயர் எப்படி அச்சானாலும் எண் மாறாது. இன்றே ஒன்றைப் பெற்று, ஐந்து கட்டுரைகளையும் அதில் இணைத்துவிடுங்கள். ஸ்கோப்பஸ் என்னும் மேற்கோள் தரவுத்தளத்தில் பிரிந்துகிடக்கும் பதிவுகளை ஒன்றாக்கக் கோரும் படிவம் ஒன்று உண்டு. அதை நிரப்பி அனுப்பினால் சேர்த்துக்கொடுப்பார்கள். இனி எழுதும் கட்டுரைகள் அனைத்திலும் ஒரே வடிவத்தில் பெயரை இடுங்கள். எந்த வடிவம் என்பது உங்கள் விருப்பம். கடவுச்சீட்டில் உள்ளதே பின்னாளில் தொல்லை தராதது என்பது என் எண்ணம்.

அரசு மருத்துவமனையில் கண் மருத்துவராக இருக்கிறேன். அண்மையில் ஒரு நேர்காணலில், "உங்கள் கட்டுரைகளின் மொத்த இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு?" என்று கேட்டார்கள். என் கட்டுரைகள் இந்திய இதழ்களில் வந்தவை. கூட்டினால் ஆறைத் தாண்டவில்லை. புற்றுநோய்த் துறையில் உள்ள நண்பர் ஒரே கட்டுரையை வைத்துக்கொண்டு 12 என்றார். அவ்வளவுதானா நாங்கள் எல்லாம்?
— மருத்துவர், மேலூர்

கேள்வியே தவறானது, டாக்டர். இம்பாக்ட் ஃபேக்டர் இதழுக்கு உரியது. கட்டுரைக்கும் உரியதன்று, ஆளுக்கும் உரியதன்று. அவற்றைக் கூட்டுவது, பயணம் செய்த பேருந்துகளின் தட எண்களைக் கூட்டி எவ்வளவு தூரம் போனோம் என்று சொல்வதற்கு ஒப்பாகும். நம் நாட்டில் தன்விவரக் குறிப்புகளில் இந்தக் கூட்டல் பழக்கம் எப்படியோ ஊறிவிட்டது.

ஓர் இதழின் 2024-ஆம் ஆண்டு இம்பாக்ட் ஃபேக்டர் என்பது இதுதான்: 2022, 2023 ஆகிய இரண்டாண்டுகளில் அவ்விதழில் வந்தவற்றுக்கு 2024-இல் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டாண்டுகளில் வெளியான ஆய்வுக் கட்டுரைகள், மீளாய்வுக் கட்டுரைகள் ஆகியவற்றின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணையிடலாம் என்ற கருத்தை யூஜீன் கார்ஃபீல்டு 1955-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். பிலடெல்ஃபியாவில் அவர் தொடங்கிய நிறுவனம் 1960-களில் அந்த அட்டவணையை வெளியிடத் தொடங்கியது. இம்பாக்ட் ஃபேக்டர் அந்த வேலையின் துணைவிளைவு. எந்த இதழை அட்டவணையில் சேர்ப்பது என்று தீர்மானிக்கவும், எந்த இதழுக்குச் சந்தா கட்டுவது என்று நூலகர்கள் முடிவு செய்யவும் அது பயன்பட்டது. மருத்துவரின் பதவி உயர்வுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று அதை உருவாக்கியவர்கள் சொல்லவில்லை.

மேலும் அது சராசரி. ஓர் இதழில் சில கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் மேற்கோள் பெறும்; பெரும்பாலானவை இரண்டோ மூன்றோ பெறும். இம்பாக்ட் ஃபேக்டர் 12 உள்ள இதழில் வந்த ஒரு கட்டுரைக்கு ஒரு மேற்கோள் கூடக் கிடைக்காமல் போவது அரிதன்று. துறை வேறுபாடும் மிகப் பெரிது. புற்றுநோய்ப் புள்ளிவிவரங்களை ஆண்டுதோறும் வெளியிடும் அமெரிக்க இதழ் ஒன்றின் எண் 200-ஐத் தாண்டி நிற்கிறது. புற்றுநோயைப் பற்றி எழுதும் எவரும் முதல் பத்தியில் அந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டியே ஆகவேண்டும் என்பதே காரணம். கண் மருத்துவ இதழ் எதுவும் அந்த உயரத்தை எட்டப்போவதில்லை. அமெரிக்க உயிரணு உயிரியல் சங்கத்தின் 2012 கூட்டத்தில் உருவாகி மறு ஆண்டு வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், தனி ஆய்வாளர்களை மதிப்பிட இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. அடுத்த நேர்காணலில் அதன் நகல் ஒன்று உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

உங்கள் துறைக்குள்ளேயே, நம் மாவட்டத்திலேயே, இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. அறுவடையின்போது நெல் சுணையோ கதிரோ கண்ணில் பட்டுக் கருவிழியில் புண்ணாகி வருபவர்களை நீங்கள் அன்றாடம் பார்ப்பீர்கள். 1996-இல், கண் நோய்ப் பரவலியல் பற்றிய ஒரு சிறிய இதழில், மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் ஏற்படுவதாகக் கணக்கிட்ட கட்டுரை ஒன்று வந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் கணக்கிடப்பட்டதைப் போல அது பத்து மடங்கு. அடுத்த ஆண்டு, அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மூன்று மாதங்களில் வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்த கட்டுரை பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வெளியானது. பாக்டீரியாவால் வந்த புண்ணும் பூஞ்சையால் வந்த புண்ணும் இங்கே ஏறத்தாழச் சரிபாதி என்று அது காட்டியது. இரண்டு கட்டுரைகளிலும் புதிய மருந்து இல்லை, புதிய மூலக்கூறு இல்லை. பொறுமையாக எண்ணிய எண்ணிக்கைதான். இருந்தும், உலகில் எங்கே கருவிழிப் புண்ணைப் பற்றி எழுதினாலும் மதுரையின் எண்ணை எடுத்துக்காட்டாமல் எழுத முடியாத நிலையை அவை உண்டாக்கின.

அந்த அடித்தளத்தின் மேல்தான், பூஞ்சைப் புண்ணுக்குப் பழைய நாட்டமைசின் சொட்டு மருந்து சிறந்ததா, புதிதாக வந்த வோரிகோனசோல் சிறந்ததா என்று 323 நோயாளிகளிடம் நடத்திய ஒப்பீட்டு ஆய்வு அமைந்தது. அரவிந்த் மருத்துவமனைகளும் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய அதன் முடிவு 2013-இல் வெளியானது. பழைய மருந்தே வென்றது; ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையால் வந்த புண்களில் வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது. 2017-இல் உலகச் சுகாதார நிறுவனம் நாட்டமைசினை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தக் கட்டுரைகளைக் காட்டி வேறு கட்டுரைகள் எழுதப்பட்டால் மேற்கோளாக எண்ணப்படும். அந்த மருந்து ஒரு வட்டார மருத்துவமனை மருந்தகத்தின் அலமாரிக்கு வந்து சேர்ந்தது எந்த மேற்கோள் கணக்கிலும் ஏறாது. நேர்காணலில் உங்கள் கட்டுரைகளைப் பற்றிக் கேட்டால், அவற்றால் எந்தச் சிகிச்சை முறை மாறியது, எந்த எண்ணிக்கை முதன்முறையாகத் தெரியவந்தது என்று இரண்டு வாக்கியங்களில் சொல்லுங்கள். கேட்பவர் விவரம் அறிந்தவராக இருந்தால் அதற்கு மேல் கூட்டல் கணக்குக் கேட்க மாட்டார்.

கோரிப்பாளையம் சிக்னலில் ஒரு கல்லூரி பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறது. "ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த உலகின் தலைசிறந்த 2% விஞ்ஞானி" என்று எங்கள் பேராசிரியரின் படம். உண்மையிலேயே ஸ்டான்ஃபோர்டு தேர்ந்தெடுக்கிறதா?
— கல்லூரி மாணவர், கே. புதூர்

யாரும் அமர்ந்து தேர்ந்தெடுப்பதில்லை. விருதும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியரான ஜான் அயோனிடிஸும் உடன் பணியாற்றியவர்களும், ஸ்கோப்பஸ் தரவுகளைக் கொண்டு கணினியால் தொகுத்த அட்டவணை அது. அவர்கள் 2019-இல் 'பிளாஸ் பயாலஜி' இதழில் அதை அறிமுகம் செய்தார்கள். அதன் பின் தொடர்ந்து புதுப்பித்து வருகிறார்கள். மொத்த மேற்கோள், எச்-இன்டெக்ஸ் ஆகியவற்றோடு, தனியாகவோ முதல் பெயராகவோ கடைசிப் பெயராகவோ எழுதிய கட்டுரைகளின் மேற்கோள்களையும் சேர்த்து ஆறு அளவுகளை ஒன்றாக்கி மதிப்பெண் தருகிறார்கள். பெயரின் இடத்தைக் கணக்கில் எடுப்பதால் வெறும் எச்-இன்டெக்ஸைவிட இது மேல் என்பதே என் கருத்து.

ஃபிளெக்ஸில் எழுதாமல் விடப்படுபவைதான் கவனிக்க வேண்டியவை. அட்டவணை இரண்டு வகை: வாழ்நாள் பணி முழுவதையும் கணக்கிடுவது ஒன்று, ஓர் ஆண்டில் கிடைத்த மேற்கோள்களை மட்டும் கணக்கிடுவது மற்றொன்று. பேனர்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான் முதலாவதைப் போல வேடமிட்டு வருகிறது. 22 துறைகளும் 174 உட்பிரிவுகளும் இருப்பதால், 2% என்பது அந்தந்த உட்பிரிவுக்குள் உள்ள இடத்தையே குறிக்கும். தம் கட்டுரையைத் தாமே மேற்கோள் காட்டிக்கொண்ட விழுக்காடும் அட்டவணையில் தனிக் கட்டமாகவே இருக்கிறது. தொடர்ந்து ஒரே பொருளில் உழைப்பவர் தம் முந்தைய கட்டுரையைக் காட்டுவது இயல்பு. மேற்கோள்களில் பாதி தம்முடையதாகவே இருந்தால் கேள்வி எழுப்பலாம். அண்மைப் பதிப்புகளில் ஒருவருடைய கட்டுரைகளில் எத்தனை திரும்பப் பெறப்பட்டன என்ற விவரமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. கோப்பு முழுவதும் எவரும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளக் கூடியது. உங்கள் பேராசிரியரின் வரியை எடுத்துப் பாருங்கள். வாழ்நாள் அட்டவணையில், தம் மேற்கோள்களைக் கழித்த பின்னும் அவர் இருந்தால், ஃபிளெக்ஸ் இல்லாமலேயே அவரை மதிக்கலாம். (சிக்னலை மறைக்கும்படி வைத்தது பற்றி மாநகராட்சியிடம்தான் கேட்க வேண்டும்.)

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களே, உங்கள் மேலான கட்டுரையை ஏழு நாளில் வெளியிடுகிறோம்" என்று வாரம் இரண்டு மின்னஞ்சல் வருகிறது. கட்டணம் 4,500 ரூபாய். பணம் கேட்டாலே போலி இதழ்தானா?
— உதவிப் பேராசிரியர், உசிலம்பட்டி

பணம் கேட்பது மட்டும் போலிக்கு அடையாளமாகாது. வாசகர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் நல்ல இதழ்கள் பல கட்டுரையாளரிடம்தான் கட்டணம் வாங்குகின்றன. 'நேச்சர்' இதழே திறந்த வெளியீட்டுக்கு 9,500 யூரோ என்று 2020-இல் அறிவித்தது. அந்தத் தொகை நியாயமா என்பது வேறு வழக்கு. போலியைக் காட்டிக்கொடுப்பது அந்த 'ஏழு நாள்' தான். கட்டுரையைத் துறை அறிந்த இருவருக்கு அனுப்பி, அவர்கள் படித்துக் குறை சொல்லி, நீங்கள் திருத்தி, மீண்டும் அவர்கள் பார்ப்பதற்குச் சில மாதங்கள் ஆகும். ஏழு நாளில் முடிகிறது என்றால் யாரும் படிக்கவில்லை.

இப்படிப்பட்ட இதழ்களின் பட்டியலைக் கொலராடோவில் நூலகராக இருந்த ஜெஃப்ரி பீல் தொகுத்து வந்தார். 2017 தொடக்கத்தில் அதை விலக்கிக்கொண்டார். நம் நாட்டில் மானியக் குழு பேணி வந்த, ஏற்கத்தக்க இதழ்களின் 'கேர்' பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டு, பொறுப்பு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் விழுந்திருக்கிறது. ஆகவே நீங்களேதான் பார்க்க வேண்டும். மருத்துவ இதழ்த் தொகுப்பான மெட்லைனில் சேர்க்கப்பட்ட இதழா என்பதை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் அட்டவணையில் தேடலாம். ஸ்கோப்பஸில் இருக்கிறோம் என்று இதழ் சொன்னால், அதை ஸ்கோப்பஸின் சொந்தப் பட்டியலில் சரிபாருங்கள். பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பின்னும் பழைய முத்திரையைக் கழற்றாத இதழ்கள் உண்டு. நல்ல இதழின் பெயரையும் அட்டையையும் அப்படியே திருடி நடத்தப்படும் போலித் தளங்களும் உண்டு. இம்பாக்ட் ஃபேக்டர் என்று முறையாக வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம் மட்டுமே. பெயரில் ஏதேனும் அடைமொழி ஒட்டிய 'ஃபேக்டர்' எதுவும் அதுவன்று.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வாட்ஸ்அப்பில் வந்தது. ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். இத்தனை பேர் காட்டியது பொய்யாகுமா?
— பள்ளி ஆசிரியை, வாடிப்பட்டி

பொய்தான், அம்மா. 1998-இல் 'லான்செட்' இதழில் பன்னிரண்டு குழந்தைகளைப் பற்றி ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை அது. 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது; அதே ஆண்டு பிரிட்டனில் வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. மறுத்து எழுதுபவரும் மோசடிக்கு எடுத்துக்காட்டாக எழுதுபவரும் கூட அதைப் பட்டியலில் குறிப்பிட்டாக வேண்டும். எண்ணும் கருவிக்குப் புகழ்ச்சியும் கண்டனமும் ஒன்றுதான். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை அறிய 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' தொகுத்த தரவுத்தளம் 2023 முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தக் கூடியதாக இருக்கிறது. பப்மெட்டில் அக்கட்டுரையைத் திறந்தாலும் தலைப்புக்கு அருகிலேயே எச்சரிக்கை தெரியும்.

அப்படியானால் மிக அதிகமாக மேற்கோள் பெற்ற கட்டுரைதான் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்றும் சொல்ல முடியாதா? நாற்பது ஆண்டுகள் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன்.
— ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பர், செல்லூர்

சொல்ல முடியாது. விடை உங்கள் கையிலேயே இருந்திருக்கும். ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்க, நீல நிறம் காட்டும் லவ்ரி முறையை நீங்கள் பலமுறை செய்திருப்பீர்கள். ஆலிவர் லவ்ரியும் மூவரும் 1951-இல் எழுதிய அந்தக் கட்டுரைதான் உலகில் மிக அதிகமாக மேற்கோள் பெற்றது. மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. அது தம் பெரிய கட்டுரை அன்று என்று லவ்ரியே எழுதியிருக்கிறார். செய்முறைக் கட்டுரையைச் சோதனை செய்யும் ஒவ்வொருவரும் காட்டியாக வேண்டியிருப்பதால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது.

மறுபக்கத்தில் கொல்கத்தாவின் சம்புநாத் தே இருக்கிறார். காலரா கிருமியை வடிகட்டி நீக்கிய பின் எஞ்சும் நீர்மமே முயலின் குடலில் நீர் சுரக்கச் செய்கிறது, ஆகவே கொல்வது கிருமி வெளிவிடும் நச்சே என்று 1959-இல் 'நேச்சர்' இதழில் காட்டினார். பல ஆண்டுகள் அதை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1985-இல் அவர் இறந்த பின், அக்கட்டுரைக்கு இவ்வளவு தாமதமாக மதிப்புக் கிடைத்ததை எடுத்து எழுதியவர் யார் தெரியுமா? மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய அதே கார்ஃபீல்டு.

மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் உடன் பணியாற்றியவர்களும் 1963-இல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் வரைபடத்தை இன்று புரத அமைப்பைத் தீர்மானிக்கும் எவரும் பயன்படுத்துகிறார்கள். 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று பெயரைச் சொல்லிவிட்டு, மூலக் கட்டுரையைப் பட்டியலில் சேர்க்காமலே கடந்துவிடுகிறார்கள். பெயர் அவ்வளவு நிலைத்துவிட்டதால் மேற்கோள் குறைகிறது.

எங்கள் கல்லூரியில் ஸ்கோப்பஸ் சந்தாவும் இல்லை, வெப் ஆஃப் சயின்ஸும் இல்லை. நீங்கள் சொல்வதை எல்லாம் நாங்கள் எங்கே போய்ப் பார்ப்பது?
— முதுகலை மாணவி, சோழவந்தான்

இணையம் உள்ள எந்தக் கணினியும் போதும். பப்மெட்டும் கூகுள் ஸ்காலரும் முற்றிலும் இலவசம், பப்மெட்டில் 3.5 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. ஸ்கோப்பஸில் சந்தா இல்லாமலேயே ஆய்வாளர் பெயரை இட்டு அவருடைய சுருக்கப் பக்கத்தைப் பார்க்கலாம். 2022-இல் தொடங்கிய 'ஓப்பன் அலெக்ஸ்' தரவு முழுவதையும் இலவசமாகத் தருகிறது. ஒரே ஆளுக்கு இவை வெவ்வேறு எண் காட்டும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் இணையத்தில் கிடக்கும் முன்வரைவுகளையும் சேர்த்து எண்ணுவதால் பெரும்பாலும் அதில்தான் அதிகமாக இருக்கும். எந்த எண்ணை எழுதினாலும், எந்தத் தளத்தில் எந்தத் தேதியில் பார்த்தது என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

கட்டுரைகளை முழுதாகப் படிக்க, உங்களுடையது அரசுக் கல்லூரியாக இருந்தால், 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் அடங்கும். உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். செய்யவில்லை என்றால் முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக்கொடுங்கள்; வகுப்புத் தோழிகள் அனைவரும் கையெழுத்திட்டால் வேலை விரைவாக நடக்கும்.